உன் மரத்து வண்டு

அன்புள்ள அக்கா,

நீ பிறந்தபோது உன் கல்யாணப் பெட்டிக்காக நம் ஊர் வழக்கப்படி அப்பா நட்ட, லேசான பலகை தரும் கிரி மரம் பட்டுப்போய்விட்டது. நீ சொல்லாமல் போய் மணந்துகொண்ட பிறகும் அதை அவர் வெட்டவிடவில்லை.

பட்டைக்குள் அரிசியைவிடச் சிறிய பழுப்பு வண்டுகள், பின்புறம் மஞ்சள் மயிரோடு; பறந்து போனவை விட்ட துளைகள் பட்டை முழுக்க. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மொரினாகா, இது யாரும் இதுவரை அறியாத இனம் என்றார்.

"என்ன பேர் வைக்கலாம், நீங்களே சொல்லுங்க."

"உள்ளயே இருந்து குடைஞ்சிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம பறந்து போயிருக்கு. எங்க மூத்தவ பேரையே வைங்க," என்றார் அப்பா.

"அவங்க பேரு?"

அப்பா மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியாட்கள் முன் வாய் திறக்காத நான்தான் உன் பெயரைச் சொன்னேன். இந்த வீட்டில் அதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

மரத்தை வெட்டிப் பார்த்தோம்; பெட்டிக்கு ஒரு பலகைகூடத் தேறவில்லை. அடிமரம் துளிர்க்கிறதா என்று அப்பா தினமும் குனிந்து பார்க்கிறார்.

உன் தங்கை