நாளைக்கு மாஸ்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேர் உடம்பும் நன்றாகவே இருக்கிறது. என் மானம் மட்டும் கொஞ்சம் அடிபட்டுக் கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

உனக்குக் கடிதம் எழுதக் கவர் வாங்கலாம் என்று திங்கட்கிழமை தபால் ஆபீஸ் போனேன். நல்ல கூட்டம். என் முறை வந்தது. நான் ஜன்னலுக்கு முன்னேறினேன், என் வலது கால் சோல் முன்னேறவில்லை. வரிசையிலேயே நின்றுவிட்டது. பின்னால் நின்ற அம்மாள் அதைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது யாரோடதுங்க?" என்று சத்தமாகக் கேட்டார். உள்ளே இருந்த கிளார்க் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், உங்க பார்சல் ஒண்ணு கீழே கிடக்கு பாருங்க" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக ஊர்க்காலுக்கெல்லாம் பூட்ஸ் தைக்கிறவன் நான்! பார்சல் கட்டும் கயிறு இரண்டு முழம் கொடுத்தார்கள். சோலைப் பூட்ஸோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கால் சுளுக்கியவன் மாதிரி நடந்து வந்தேன்.

எதிர்க்கடைத் தையல்காரர் விடுவாரா? "என்ன மாஸ்டர், உங்க பூட்ஸுக்கும் நாளைக்கு வாங்கன்னு சொல்லிட்டீங்களா?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். என் பெயரை ஊர் மறந்து வெகு காலம் ஆகிறது. "நாளைக்கு மாஸ்டர்" என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் வழி தெரியும். நானும் யாருக்கு எந்த வேலையைச் சொன்ன நாளில் கொடுத்திருக்கிறேன்? உன் கல்யாணச் செருப்பையே மண்டப வாசலில் வைத்துத்தானே முடித்தேன்.

தெருவே சிரித்தது, உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக் கிடைக்கிற வாய்ப்பை அவள் என்றைக்காவது விட்டிருக்கிறாளா? அன்று உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். என் காலடியில் குனிந்து கயிற்றை நாலு இடத்தில் வெட்டினாள். துண்டுகளைப் பொறுக்கி, வீட்டுக் குப்பைக் கூடையில் போடாமல், தெருமுனைத் தொட்டி வரைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். என் மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ அனுப்பிய கால் படம் வந்தது. இரண்டு தப்பு இருக்கிறது. உட்கார்ந்துகொண்டே வரைந்திருக்கிறாய். உட்கார்ந்த கால் வேறு, நின்ற கால் வேறு. உடம்புப் பாரம் இறங்கினால்தான் கால் தன் நிஜ அகலத்தைக் காட்டும். அப்புறம், சுண்டுவிரல் பக்கம் கோடு நெளிகிறது. மாப்பிள்ளையை விட்டு வரையச் சொல்லி, கூசிச் சிரித்திருக்கிறாய். பரவாயில்லை. உன் பழைய மர அச்சு இங்கே இருக்கிறது. பத்தொன்பது வயசுக் கால் அது. அதன் மேல் அங்கங்கே தோல் துண்டு ஒட்டி இப்போதைய காலுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

அண்ணன் அச்சு அலமாரியில் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டிருந்தாய். காலையில் வாசலைப் பார்க்கிறது, சாயங்காலம் சுவரைப் பார்க்கிறது. நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும். நடக்கிறவர்களின் அச்சுக்கு மூக்கு வாசல் பக்கம், இனி நடக்காதவர்களின் அச்சுக்குச் சுவர்ப் பக்கம். அவன் அச்சை நான் திருப்பவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பட்டறையைத் திறந்தால் அது சுவரைப் பார்த்து நிற்கிறது. அவனே வந்து திருப்பிவிட்டுப் போனான் என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து நாள் கழித்துத்தான் பேய் யார் என்று தெரிந்தது. உன் அம்மா கூட்டிப் பெருக்கும்போது திருப்புகிறாள். நான் காலையில் வந்து வாசல் பக்கம் திருப்புவேன். அன்றிலிருந்து இது தினமும் நடக்கிறது. இரண்டு பேரும் வாயைத் திறந்ததில்லை.

அடுத்த மாதம் அண்ணனின் சிநேகிதன் கண்ணாடியோடு சேர்ந்து, அண்ணன் போன அதே மலைப் பாதையில் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். நான் பூட்ஸ் தைத்துத் தராவிட்டால் கடையில் வாங்கிப் போவேன் என்று மிரட்டல் வேறு. தோல் சரியில்லை, நூல் வரவில்லை, கண் தெரியவில்லை என்று மூன்று கடிதத்தில் மூன்று சாக்குச் சொன்னேன். மூன்றுமே பொய். தோல் வந்துவிட்டது, கண்ணும் தெரிகிறது. அம்மா பச்சைப் பேனாவோடு காத்திருக்கிறாள், பிழை திருத்த. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இது ஒரு சௌகரியம்.

வியாழக்கிழமை.

மேலே உள்ளதை அம்மா படித்துத் திருத்திக் கொடுத்துவிட்டாள். அச்சு விஷயத்தில் ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறாள். கீழே எழுதப்போவதை அவளிடம் காட்டப்போவதில்லை. பிழையோடு படித்துக்கொள்.

தபால் ஆபீஸில் சோல் கழன்றது தற்செயல் இல்லை பாப்பா. நானேதான் கழல வைத்தேன்.

அண்ணன் பூட்ஸ் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். பூட்ஸ் நான் தைத்தது. மெழுகு நூலில் இரட்டைத் தையல். அதில் குறை இல்லை. கடைசித் தடவை அவன் கொண்டுவந்தபோது அடியில் ரப்பர் மட்டும் தேய்ந்திருந்தது. அதை உரித்துவிட்டுப் புதுசு ஒட்ட வேண்டும். அந்த வாரம் முழுக்க மழை. தோல் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் ஒட்டினால் பாரம் ஏற்றி மூன்று முழு நாள் விட வேண்டும். தொழிலில் எனக்குத் தெரிந்த பத்து விஷயத்தில் இது முதல் விஷயம். நான் வழக்கம்போல் இழுத்தடித்து, கிளம்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம்தான் ஒட்டினேன்.

விடிகாலையில் கண்ணாடி வந்து வாசலில் நிற்கிறான். உள்ளே எட்டிப் பார்த்து, "அங்கிள், நீங்க நாளைக்குன்னுதான் சொல்வீங்கன்னு நாங்க பந்தயம் கட்டியிருக்கோம்" என்றான். உன் அண்ணன் சிரித்தான். நீயும்தான் சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் பூட்ஸைக் கையில் எடுத்தேன். மூக்குப் பக்கம் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலில் இத்தனூண்டு பிசுபிசுத்தது. "காஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டான். "எப்பவோ காஞ்சிருச்சு, போட்டுக்கோ" என்றேன். என் ஆயுசில் சொன்ன நாளில் கொடுத்த வேலை அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் மலையிலிருந்து செய்தி வந்தது.

கண்ணாடி பிறகு ஒரு துணிப்பையில் உன் அண்ணன் பூட்ஸைக் கொண்டுவந்து கொடுத்தான். "கல்லெல்லாம் ஈரமா இருந்துச்சு அங்கிள்" என்றான். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் என் கையையே பார்த்தான். பையை அலமாரி அடித்தட்டில் வைத்தேன். பிரிக்கவில்லை. பாசத்தில் பிரிக்கவில்லை என்று எல்லாரும் நினைத்தீர்கள். எனக்குப் பயம். அவ்வளவுதான்.

அதிலிருந்து இந்த ஐந்து வருஷமாக, ஒவ்வொரு மழைக்காலமும் எனக்கு ஒரு பைத்தியம். என் பூட்ஸ் சோலை நானே உரிப்பேன். ஈரத் தோலில் சாயங்காலம் ஒட்டிவிட்டு, ஒரே ராத்திரி விட்டு, காலையில் போட்டுக்கொண்டு நடப்பேன். ஒரு ராத்திரி போதும் என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டும். நாலு மழைக்காலம் தாங்கியது. நாலு தடவையும், பார்த்தாயா, உன் மேல் தப்பில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தூங்கினேன். இந்தத் தடவை தபால் ஆபீஸில் கழன்றது. போட்டுக்கொண்ட மூன்றாம் நாள்.

நேற்று மத்தியானம் அம்மா பல் டாக்டரிடம் போயிருந்தாள். பையை எடுத்து மேஜையில் வைத்துப் பிரித்தேன்.

இடது பூட்ஸில் ஒன்றும் இல்லை. வலது பூட்ஸில் ரப்பர் சோல் மூக்கிலிருந்து பாதி வரைக்கும் வாய் பிளந்திருக்கிறது. அதைச் சேர்த்துப் பிடித்துக் கயிறு சுற்றியிருக்கிறது. கூடாரத்துக் கயிறு, நீலம். கீழே ரப்பர் பல்லின் மேலே மூன்று சுற்று, மேலே முடிச்சு. முடிச்சு நான் தையல் முடிக்கும்போது போடுகிற முடிச்சு. விழும்போது கழன்ற சோலை யாரும் கட்ட மாட்டார்கள். அதற்கு முன்னாலேயே கழன்றிருக்கிறது. அவன் உட்கார்ந்து நிதானமாகக் கட்டிக்கொண்டு மேலே நடந்திருக்கிறான். திரும்பி வந்திருக்கலாம். வந்தால் அப்பா தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார் என்று நினைத்தானோ என்னவோ. வழவழக் கயிறு சுற்றிய சோல் ஈரக் கல்லில் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். அவனுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு பூட்ஸிலும் வடிவம் கெடாமல் இருக்கப் பேப்பர் அடைத்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய பேப்பர். பிரித்துப் பார்த்தால் குறுக்கெழுத்துப் பக்கம். பாதிக் கட்டம் பச்சை மையில் நிரப்பியிருக்கிறது.

அப்படியென்றால் அவள் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே பையைப் பிரித்திருக்கிறாள். கயிற்றைப் பார்த்திருக்கிறாள். அதை அவிழ்க்காமல் அப்படியே விட்டு, பேப்பரை அடைத்து, பையை முன்பு இருந்த மாதிரியே கட்டி வைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவன் அச்சு சுவர்ப் பக்கம் திரும்பியதும் அப்போதுதான். திங்கட்கிழமை என் காலில் கயிற்றைப் பார்த்து ஏன் சிரிக்கவில்லை என்று நேற்றுத்தான் என் மரமண்டைக்கு உறைத்தது.

நான் பூட்ஸை எடுத்து உள்ளே வைப்பதற்குள் வந்துவிட்டாள். ஒரு பக்கக் கன்னம் மரத்து, வாய் கோணிப் பேச்சு குழறுகிறது. வேறு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்குக் கேலி செய்திருப்பேன். மேஜையைப் பார்த்தாள். "பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. தையல் ஒண்ணுகூட விடலை" என்றேன். அது பொய் இல்லை பார். "நீங்க தைச்சது விடுமா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

நேற்றுச் சாயங்காலம் அவளுக்கு முன்னால் நானே போய் அண்ணன் அச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். இன்று காலையில் பார்த்தால் வாசலைப் பார்த்து நிற்கிறது. யார் திருப்பியது என்று நான் கேட்கப்போவதில்லை.

உன் பூட்ஸ் அச்சில் ஏறி நிற்கிறது. தையல் முடிந்து, இன்று காலை சோல் ஒட்டிப் பாரம் ஏற்றியாயிற்று. வெளியே மழை. மூன்று நாள் போதும், நான் ஏழு நாள் விடப்போகிறேன். நீ சொன்ன தேதிக்கு வந்து சேராது. போனில் நன்றாகத் திட்டு. தேதியைத் தள்ளிப் போடு. மலை எங்கேயும் போய்விடாது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. நடுவழியில் ஒரு தையல், ஒரு வார், ஒரு ஆணி லேசாக ஆடினாலும் எதையும் எடுத்துக் கட்டாதே. அப்படியே திரும்பிவிடு. அப்பா பூட்ஸ் பாதியில் காலை வாரிவிட்டது என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கி வா. தையல்காரருக்கு நானே போய்ச் சொல்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

கண்ணாடி வருஷா வருஷம் அண்ணன் போன தேதியில் ஆபீஸ் ஷூவை எடுத்துக்கொண்டு ரிப்பேருக்கு வருகிறான். அதில் ரிப்பேர் ஒன்றும் இருக்காது. நானும் வாங்கி வைத்துக்கொண்டு நாளைக்கு வா என்பேன். வழியில் எங்காவது உட்காரும்போது அவனிடம் சொல், அப்பா பையைப் பிரித்துவிட்டார், இனி அவர் கையைப் பார்த்துப் பேச வேண்டாம் என்று.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நடந்து, களைத்து, வீடு வந்து சேர வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒரு வேண்டுதலும் இல்லை.

இப்படிக்கு,
பாசத்துடன் அப்பா

பி.கு: கவரை ஒட்டப் போனவன் மறுபடி திறந்துவிட்டேன். அன்று விடிகாலையில், கட்டைவிரல் பிசுபிசுத்ததும், வழக்கமான அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. கண்ணாடி பந்தயத்தில் ஜெயித்துவிடுவானே என்றுதான் விழுங்கிக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பேருக்கு வேலை செய்யச் சோம்பல்பட்டுச் சொன்னது. அவன் ஒருவனுக்குச் சொல்லவில்லை. இன்னும் காயலைடா, நாளைக்குப் போ.