கறுப்புக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு

பம்மல்,
27-10-1999

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். இங்கே ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. இன்று காலை சற்றே ஓய்ந்திருந்தபோது தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் ஒரு விமானம் தலைகீழாகப் போனது. சத்தம் பிறகுதான் வந்தது. அது எந்த ஊருக்குப் போகிறது என்று இப்போதெல்லாம் நான் கணக்குப் போடுவதில்லை. தண்ணீர் மறுபடி சரியாகி, எதிர்வீட்டு முருங்கை அதில் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பியில்லாத கீபோர்டையும் மவுஸையும் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கம்பெனியில் இதை இந்தியாவில் மூன்று வீடுகளில் மட்டுமே கொடுத்துப் பார்க்கிறார்கள், நல்லபடியாக எழுதி வந்தால் எனக்கு இங்கே இன்னும் இரண்டு வருடம் வேலை நீடிக்கும், இல்லாவிட்டால் டிசம்பரோடு அந்தப் பிரிவை மூடிவிடுவார்கள், பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் ஒரே வாக்கியத்தில், நடுவே கமா போட்டு. உங்களுக்கு எது வேண்டும் என்று அதில் இல்லை. நான்கு முறை படித்துப் பார்த்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதமாக தினமும் பயன்படுத்துகிறேன். கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு அடிக்க முடிகிறது. மேஜைக்கு முன்னால் முதுகு வளைத்து உட்கார வேண்டியதில்லை. விசைகள் மெத்தென்று இருக்கின்றன. டைப்ரைட்டிங் பழகிய கைக்குச் சத்தமில்லாதது முதலில் என்னவோ போலிருந்தது. தண்ணீருக்கடியில் அடிப்பதைப் போல. இப்போது பழகிவிட்டது. பென்சில் பேட்டரி இரண்டு போட்டால் ஏழு வாரம் வருகிறது. மவுஸின் உருண்டையில் பம்மல் புழுதி சேர்ந்துவிடுகிறது, வாரம் ஒருமுறை கழுவுகிறேன். மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னல் வெயில் மானிட்டர் மேல் இருக்கும், கீபோர்டு அடிப்பதை வாங்கிக்கொள்ளும் உங்கள் கறுப்புப் பெட்டியில் நேராக விழும். அந்த அரை மணி நேரம் எழுத்து ஒழுங்காக வராது. அந்த நேரத்தில் சும்மா இருக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆறடி வரை நன்றாக வேலை செய்கிறது. எட்டடியில் எழுத்துகளை விழுங்குகிறது. நடுவே யாராவது போனாலும் அப்படித்தான். அத்தை குடத்தோடு குறுக்கே போன ஒரு நிமிடத்தில், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரின் பின்பாதி விழாமலே போயிற்று. எனக்கு டைப் செய்யும் வேலை கொடுக்கிறாரே, பல்லாவரம் அச்சகத்து சவுரிமுத்து அண்ணன், அவர் தாளைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, மாப்பிள்ளைய பாதிதான் அடிச்சிகீற. மீதிய எங்க வுட்ட?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை உள்ளேயிருந்து, “சிங்கப்பூர்ல” என்றார். அண்ணன் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சரஸ்வதி பூஜையன்று அத்தை வழக்கம்போல வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். அரிவாள்மணை, அம்மி, தண்ணீர் மோட்டார், உங்கள் பழைய சைக்கிள், கம்ப்யூட்டர். அன்று நான் எதையும் தொடவில்லை. மறுநாள் விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து உட்கார்ந்து ஒரு பிள்ளையார் சுழி அடித்தேன். வரவில்லை. பேட்டரி மாற்றினேன், வரவில்லை. நீங்கள் அனுப்பிய புத்தகத்தை இரண்டு முறை படித்து அதில் சொன்னபடியெல்லாம் செய்தேன். மவுஸும் அசையவில்லை.

மூன்று நாள் பார்த்துவிட்டு, நீங்கள் அனுப்பிய இரண்டு படிவங்களில் ஒன்றை எடுத்து நிரப்பினேன். பத்தாவது கேள்வி, ‘அன்றாடப் பயன்பாட்டுக்கு உகந்ததா?’ உகந்ததல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களிடம் மறைக்க வேண்டாம்: எழுதும்போது எனக்கு வருத்தமே இல்லை. அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். அத்தை அப்படியே சாப்பிட்டார். மழையால் தபாலாபீசுக்குப் போகவில்லை, அதனால் படிவம் மேஜையிலேயே இருந்தது.

அச்சக வேலைக்குப் பழைய கீபோர்டு இருக்கிறது. அந்த வேலை முடிந்ததும் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்து, பழையதைக் கழற்றிவிட்டு, ஒருவேளை பிழைத்துக்கொள்ளுமோ என்று உங்கள் பெட்டியைச் செருகுவேன். பிறகு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அடிப்பேன். ஒன்றும் விழாது. அது எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் டைரி எழுதியதில்லை. யாராவது படித்துவிடுவார்கள் என்ற எண்ணம் சின்ன வயதிலிருந்தே. கல்யாணமாகி நீங்கள் இங்கே இருந்த நாற்பது நாளும் “என்ன யோசனை?” என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் “ஒன்றுமில்லை” என்றேன். கடிதத்தில்கூட மழையையும் முருங்கையையும்தான் எழுதுகிறேன். இந்த உயிரில்லாத விசைகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திருநீர்மலைக் குன்று ஜன்னலில் கரைந்து போவதைப் பார்த்தபடி விரல்கள் தாமாகவே சொல்லிக்கொண்டு போகும். எங்கேயும் போய்ச் சேராத சொற்கள். அவை காற்றில் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமை மாலையும் அப்படித்தான் ஜன்னலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தேன். அத்தை திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று அவர் எழுத்துக்கூட்டி எதையோ படிப்பது கேட்டது. நாலாங்கிளாஸ் படிப்பு, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிதானமாகப் படித்தார். பாதி வாக்கியம் காதில் விழுந்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். திரையில் ஒரு வரியின் பின்பாதி மட்டும் இருந்தது.

“இது நீ அடிச்சதா, தானா வந்திச்சா?” என்றார்.

நான்தான் என்றேன்.

“அவனுக்கா எழுதின?”

இல்லை என்றேன்.

“பின்ன யாருக்கு, இந்தப் பொட்டிக்கா?”

எழுந்து போய்ப் பார்த்தேன். கறுப்புப் பெட்டியின் முகப்பில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கிறதல்லவா, கீபோர்டின் ஒளி போய்ச் சேருகிற இடம், அதன் நட்டநடுவில் அத்தை வைத்த சந்தனப் பொட்டு. இத்தனை நாளும் அது என் கண்ணெதிரேதான் இருந்தது. பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரும்வரை இருக்கும்; அதனால் கண் அதைப் பார்க்கவே இல்லை. காய்ந்து வெடித்து, ஃபேன் காற்றில் ஒரு சில்லு விழுந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக என் அரை வரி உள்ளே போய்விட்டது.

துடைத்தேன். மவுஸ் அசைந்தது.

“நெத்தி மாரி கீதேன்னு அங்க வெச்சேன்” என்றார் அத்தை. “அதாலதான் நின்னுச்சா?”

ஆமாம் என்றேன். ஒரு பிடி கீரையை ஆய்ந்து போட்டார். பிறகு, “தொடச்சது தொடச்சிட்ட. அன்னிக்கே ஒண்ணு எழுதி வெச்சியே, அதயே அனுப்பிடு. ஆறு நாளு வேல செய்யலன்றது நெசந்தானே. பொய்யா இன்னா?” என்றார்.

நேற்று கிருத்திகை. அத்தை குன்றத்தூர் மலைக்குப் போய்விட்டு வந்தார். நான் துணி எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியபோது கம்ப்யூட்டர் மேஜையில் ஈரச் சந்தனத்தோடு கிண்ணம் இருந்தது. முதல் படிவத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு விரல் தடம். அவர் சமையலறையில் பாத்திரத்தை அதிகமாகவே உருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பட்டையில் பொட்டு இல்லை.

இரண்டு படிவங்களையும் எதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கண்ணாடிப் பட்டையை வரைந்தது நீங்கள் என்று எனக்குத் தெரியும். போகுமுன் ஒருநாள் அதைப் பழைய காலண்டரின் பின்பக்கம் வரைந்து காட்டினீர்கள். அன்று உங்கள் முகம் எப்படி இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். நன்றாக வேலை செய்கிற ஒன்றை, அதுவும் உங்கள் கை பட்ட ஒன்றை, கெட்டது என்று எழுதி உங்களை வரவழைத்தால், அதற்குப் பிறகு நீங்கள் “என்ன யோசனை?” என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படிவம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே இரண்டாவதை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்தாவது கேள்விக்கு, உகந்தது என்று எழுதிவிட்டேன். ஒரு யோசனை மட்டும்: நம் வீடுகளுக்கு விற்பதாக இருந்தால் அந்தப் பட்டையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். பார்த்தால் நெற்றி மாதிரிதான் இருக்கிறது, எந்த வீட்டிலும் பொட்டு வைத்துவிடுவார்கள்.

படிவத்தின் அடியில் ‘பிற குறிப்புகள்’ என்று மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். திரையில் வந்த அரை வரிக்கு அந்த இடம் போதும். எழுதவில்லை. அப்படியே வெற்றாக விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அத்தையிடம் அது என்ன என்று கேட்காதீர்கள், உடனே சொல்லிவிடுவார். கம்பெனியில் அந்தக் கோடுகளை யாரும் பார்க்க மாட்டார்கள். அவர்களிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

அங்கேயும் மழைக்காலம் என்றீர்கள். தலையைத் துவட்டாமல் தூங்காதீர்கள்.

உங்கள்,
தையல்நாயகி