பிள்ளைக்குச் செய்த அறை

ஒக்டோபர் 3, வெள்ளி

வெயில். காற்றே இல்லை. வாவிப் பக்கமிருந்து நுளம்பு மட்டும்.

மகள் தவழத் தொடங்கிவிட்டாள். நேற்று அலுமாரிக்குக் கீழே கிடந்த பூச்சி உருண்டையை எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். தட்டிவிட்டேன். அழுதாள். நானும்தான்.

அறையில் செய்ய வேண்டியவை:
பிளக் ஓட்டைகள் மூட.
அலுமாரியைச் சுவரோடு இறுக்க. (பிடித்து எழும்பப் பார்க்கிறாள்.)
யன்னல் கொக்கி.
நுளம்புத்திரி இனி இல்லை. வலை போதும்.
அம்மாவின் சாம்பிராணிச் சட்டி. எப்படிச் சொல்வது?

ஒக். 5, ஞாயிறு

இவர் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு நாள் முழுதும் அறைக்குள். அலுமாரிக்கு இரும்புப் பட்டி அடித்துச் சுவரில் பூட்டியாயிற்று. கட்டில் மூலைகளுக்குப் பழைய டியூப் வெட்டி ஒட்டினார். பார்க்க அசிங்கம். தலை இடித்தால் நோகாது.

அம்மா வாசலில் நின்று, "சுவரெல்லாம் ஓட்டை போட்டு வெச்சிரிக்கீங்களே புள்ள. ஆக்கள் வந்து பாக்கிற வீடு."

"எந்த ஆக்கள்?"

"ஆரும் வருவாங்கதானே."

சாம்பிராணிச் சட்டியைத் தரையில் வைக்க வேண்டாம் என்றேன். "உன்னையும் தங்கச்சியையும் நெருப்பிலயா போட்டு வளத்தன்?" இவர் குனிந்து டியூப் வெட்டிக்கொண்டே இருந்தார். பெண்சாதி வீட்டில் இருக்கும் மருமகன் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

ஒக். 14, செவ்வாய்

மிட்வைஃப் மிஸ் வந்தார், பிள்ளையின் நிறை பார்க்க. அறையைச் சுற்றிப் பார்த்தார். "எல்லாருக்கும் சொல்றன், ஒருத்தரும் கேக்கிறல்ல. இப்பிடி ஒரு அறை நான் இந்தப் பக்கம் காணல்ல." இவருக்கு முகமெல்லாம் பல்.

மகளை அறைக்குள் விட்டுவிட்டு வாசலில் இருந்து ஆறுதலாகத் தலை வாரினேன். அவள் பிறந்த பிறகு இதுதான் முதல்தடவை.

ஒக். 22, புதன்

தீபாவளி முடிந்தது. மழை தொடங்கிவிட்டது.

தங்கச்சி தர்சிக்குச் சரிவந்துவிட்டது. மாப்பிள்ளை கட்டாரில் வேலை, லீவில் வந்து நிற்கிறார். இந்த லீவுக்குள்ளேயே கலியாணம். சந்தோசம். சந்தோசம் என்று எழுதி வைக்கிறேன்.

இன்று வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா நேரே மகளின் அறைக்குள். "இது நல்ல அறை. பொண்ணு மாப்பிள்ளைக்கு இது சரி." எல்லாம் முடிந்த அறை. அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

ஊர் வழக்கம் தெரியாதவளா நான்? மூத்தவளுக்குப் புதுவீடு, இளையவளுக்குத் தாய்வீடு. ஆனால் புதுவீடு முடிந்த பிறகு என்றுதானே பேச்சு. அது வாவிக்கரையில் பாதியில் நிற்கிறது. தகரம் அரைவாசிக்கு. யன்னல் இல்லை. கிணற்றுக்குக் கட்டு இல்லை.

"நீதான் புள்ள விட்டுக்குடுக்கணும். மூத்தவள்" என்றார் அம்மா.

"பிள்ளைக்குச் செய்த அறை அம்மா."

"அவளுக்கும் புள்ள பிறக்கும்தானே."

என் பிள்ளை பிறந்துவிட்டதே.

ஒக். 30, வியாழன்

வாவிக்கரை வீட்டுக்குச் சாமான் ஏற்றியாயிற்று. இவர் அலுமாரிப் பட்டியைக் கழற்றப் போக, தர்சி ஓடிவந்தாள். "அத்தான், அதக் கழட்டாதீங்க. சுவர் பழுதாப் போயிரும். அலுமாரியும் அங்கயே நிக்கட்டும்." அம்மாவும் அப்பாவும் ஓம் என்றார்கள்.

தர்சி மேல் கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன். கலியாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்தும் இறங்காத கோபம்.

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. யன்னல்களுக்கு உரப்பை கட்டினோம். இவருக்கு இருமல்.

செய்ய வேண்டியவை: கிணறு. தூண்களில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. சீமெந்துப் பை. பாம்பு. வாவி.

வாவியை எதைக் கொண்டு மூடுவது?

மகளின் இடுப்பில் சீலைத்துண்டு, மறுமுனை கதிரைக் காலில். ஆட்டுக்குட்டி மாதிரி. மிட்வைஃப் மிஸ் இந்த மாதம் வரக் கூடாது.

நவ. 9, ஞாயிறு

கலியாணம் நன்றாக நடந்தது. பந்தியில் நின்று பரிமாறினேன். ஒரு குறையும் இல்லை.

நவ. 12, புதன்

அம்மா பலகாரத்தோடு வந்தார். நான் அடுப்படியில். அதற்குள் மகள் சீலைக்கட்டிலிருந்து நழுவிப்போய் சீமெந்துப் பையைக் கிழித்துவிட்டாள். அம்மா பதறித் தூக்கினார்.

"ஐயோ என்ட செல்லம்! இது புள்ள வளக்கிற இடமா? வேலை முடியுமட்டும் எனக்கிட்ட விடு. மறுகா வந்து கூட்டிட்டுப் போ."

விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "எந்த அறையில படுக்க வெப்பீங்க அம்மா?"

அம்மா பிள்ளையின் கையைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்குப் பக்கத்தில. விறாந்தையில. அப்பாவும் நானும் இப்ப அங்கதானே படுக்கிறம்."

"ஏன், உங்கட அறை?"

"மாப்பிள்ளைட பெட்டியெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. வீடு இனி அவள்டதானே புள்ள."

எத்தனை நாளாகச் சேர்த்து வைத்த சொற்கள். ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அதற்கும் சேர்த்து அம்மா மேல் கோபம் வந்தது.

பிள்ளையைக் கொடுக்கவில்லை. இன்றைக்கு இங்கேயே படுங்கள் என்றேன். கேட்கவில்லை. சாரலில் விறாந்தை நனைந்திருக்குமாம். பாய் போடமுன் துடைக்க வேண்டுமாம்.