சுளுக்கு என்றுதான் சொன்னார்

2006 ஜூலை, ஞாயிறு. கோந்த்வா.

மதியம் நாத்தனார் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். "அண்ணனுக்குக் கழுத்து ரத்தக்குழாய்ல கிழிசலாமே, ஸ்ட்ரோக் வந்துடாதே அண்ணி?" என்று அழுதாள். என்னிடம் சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தார். கம்பெனி காரில் தூங்கியதில் பிடித்துக்கொண்டதாம்.

கேட்டால், "நீ பயந்துடுவேன்னுதான் சொல்லலை" என்கிறார். தங்கைக்கு மட்டும் பயம் கிடையாதா?

சுளுக்கு என்று நம்பித்தானே வியாழக்கிழமை எண்ணெய் தேய்த்து, தலையை இரண்டு பக்கமும் வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுத்துவிட்டேன்! அப்படித் திருப்பினால் கிழிசல் பெரிதாகி, ரத்தக்கட்டி மூளைக்குப் போகலாமாம். டாக்டர் அதற்கு முன்னாலேயே இவரை எச்சரித்திருக்கிறார். நான் திருப்பும்போது இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வலிக்குதா?" என்றேன். "இல்ல" என்றார்.

என்னிடம் வாய் திறப்பதைவிட என் கையால் உயிர் போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.