தார்ப்பாயும் துவக்க ஆட்டக்காரரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். அறுவை செய்த கண்ணுக்கு மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா? டிவி பார்த்து அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் நம் டெஸ்ட் அணிக்காக வேண்டவே வேண்டாம்.

அந்த மகராசன்கள் இந்த நாட்டுக்குச் சுற்றுப்பயணம் வந்து, நான் வேலை செய்யும் மைதானத்தில்தான் ஆடினார்கள். கடைசி நாள் மழை. ஆடுகளத்தைத் தார்ப்பாயால் மூடினோம். மழை நீடித்தால் தோல்வியிலிருந்து தப்பலாம் என்று, பதினொரு பேரும் மாடத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டது. தார்ப்பாயை எடுக்கப் போனேன். நீங்கள் பீரோவில் படம் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தத் துவக்க ஆட்டக்காரர் என்னிடம் வந்தார். முதல் நாள் நான் தமிழில் வணக்கம் சொன்னபோது திரும்பிக்கூடப் பார்க்காதவர்.

“அண்ணே, நம்ம ஆளுதானே நீங்க? கொஞ்சம் மெதுவா எடுங்களேன்.”

“ஏன் சார், மட்டை பிடிக்க மறந்துபோச்சா?” என்றேன்.

அவர் முகம் சுண்டிப் போனது. என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் தார்ப்பாய் இழுத்ததில்லை. இடுப்பு லேசாகப் பிடித்துக்கொண்டது, பயப்பட ஒன்றுமில்லை. அவர் இரண்டாவது பந்திலேயே நடையைக் கட்டினார். தேநீர் இடைவேளைக்குள் மொத்த அணியும் மூட்டை கட்டியது. வெட்கங்கெட்டவர்கள், பேருந்தில் ஏறும்போது சிரித்துக்கொண்டு போனார்கள்.

வலித் தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். தம்பியையும் போனில் பேசச் சொல்லுங்கள். இங்கே வந்தபிறகு என்னை அண்ணே என்று கூப்பிட்ட ஒரே ஆள் அந்தத் துவக்க ஆட்டக்காரப் பயல்தான்.

மேற்பார்வையாளர் கத்துகிறார், போகிறேன்.

உங்கள் மூத்தவன்