அம்மாவின் வயது

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. மூட்டு வலி தவிர நான் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ வேலை பார்க்கும் லாட்ஜின் மொட்டை மாடிக்கு ஈரப் போர்வைகளைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவதாக எழுதியிருந்தாய். எத்தனையாவது படியில் என்று எழுதவில்லை. கால் வீங்குகிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? மல்லாந்து படுக்க முடிகிறதா? அதிகமாகக் கேட்கிறேனோ என்னவோ. இருந்தாலும் பதில் எழுது.

உன் அண்ணன்

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

ரிடையர் ஆகி பன்னெண்டு வருஷமாச்சு, இன்னும் ஆபீஸ் ஃபாரம் மாதிரியே கேள்வி கேக்குறீங்க. மொத்தம் நாப்பது படி. போன வருஷம் முப்பதுல நின்னேன், இப்ப பதினஞ்சு. போதுமா? குழி விழுது. தலகாணிய அடுக்கி சாஞ்சுதான் தூங்குறேன். மேனேஜர் சொல்றான், "அக்கா, படியில இவ்ளோ நேரம் உக்காந்தா ரூம் வாடகை போட்டுடுவேன்"னு. "முதல்ல படிக்கு ஒரு ஃபேன் மாட்டு, அப்புறம் கேளு"ன்னேன்.

டாக்டர் எதுக்கு? அம்மாவுக்கும் இதே மூச்சு, இதே காலு. கூட இருந்து பாத்தவ நான்தானே. அதுக்குத்தானே ஏழாம் வகுப்போட என்னை நிறுத்தினாங்க. அம்மா அறுபத்தி நாலுல போனாங்க. எனக்கும் அறுபத்தி நாலு ஆயிடுச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அவ்வளவுதான் அளந்து விட்டிருக்கு. மகள் ஆஸ்பத்திரிக்கு வான்னு நச்சரிக்கிறா. அவகிட்டயும் இதைத்தான் சொன்னேன். நீங்க வீணா கவலைப்படாதீங்க.

வாலு

பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அம்மா இறந்தபோது அவளுக்கு வயது அறுபத்து நான்கு அல்ல. ஐம்பது. அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்ததற்கான பள்ளிச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. பிறந்த தேதியை அதில்தான் பார்த்தேன்.

நான் அப்போது இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். இறந்த காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. ஆண்கள் என்றால் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு வரும். நோயின் பெயரை எழுதுவோம். பெண்களுக்குப் பெரும்பாலும் சீட்டே இருக்காது. "மூப்புன்னு போட்டு ஆள அனுப்புய்யா" என்பார் சூப்பரிண்டெண்டு. ஆனால் அறுபதுக்குக் கீழே மூப்பு என்று எழுதினால் விசாரணை வரும். பன்னிரண்டு வருடம் மூச்சு வாங்கியவளை ஒருமுறையாவது டாக்டரிடம் ஏன் காட்டவில்லை என்று அப்பாவைக் கேட்பார்கள். என்னையும் கேட்பார்கள், வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு அம்மாவுக்கு அறுபத்து நான்கு என்று என் கையால் எழுதினேன். நரைத்த தலையைப் பார்த்தவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு வீட்டிலும் அதுவே அவள் வயதாகிவிட்டது.

இப்படிப் போனது அவள் ஒருத்திதானா என்றும் தெரியவில்லை. சவரம் செய்துகொள்ளும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் எழுதிய பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வயது மட்டும் வருவதில்லை.

உனக்கு யாரும் எதையும் அளந்து விடவில்லை. இது நோய். நாளைக்கே மகளோடு போ. சொன்னால் நானும் வந்து கூட இருக்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 9

அண்ணனுக்கு,

போனேன். இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போச்சாம். திறந்து விட்டா மூச்சு சரியாகுமாம். ஏப்ரல்ல இங்கயே ஆபரேஷன். பயமாத்தான் இருக்கு.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "எங்கம்மாவுக்கு. அம்பது வயசுல போயிட்டாங்க"ன்னேன். "அடப்பாவமே, அம்பதுலயா?"ன்னாங்க. அம்மாவுக்காக ஒருத்தர் அப்படிச் சொல்லி நாப்பது வருஷத்துல இப்பதான் கேக்குறேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் "வாழ்ந்து முடிச்ச கட்டை"ன்னுதானே சொல்லிட்டுப் போனாங்க. நானும் ஆமான்னு தலையாட்டினேன்.

நீங்க எழுதலேன்னா நான் போயிருக்க மாட்டேன். அது தெரியாம இல்ல. ஆனா நீங்க வர வேணாம். உங்க முகத்தப் பாத்து என்னால பேச முடியாது. மகள்கிட்டயும் விசாரிக்காதீங்க, சொல்ல வேணாம்னு சொல்லி வச்சிருக்கேன்.

தங்கை

ஜூன் 21

அன்புள்ள தங்கைக்கு,

ஏப்ரலிலும் மே மாதத்திலும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. வர வேண்டாம் என்றாய்; வீட்டுக்கு வரவில்லை. நேற்று பஸ் ஏறி உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்துக்கு மட்டும் வந்தேன்.

அங்கே வேலை பார்க்கும் பெண், "யாருக்கு சார் சர்டிபிகேட் வேணும்?" என்றாள்.

"யாருக்கும் வேணாம்மா. பேரு இருக்கான்னு மட்டும் பாக்கணும்."

உன் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினாள். ஏப்ரல் ஒன்று முதல் நேற்று காலை வரை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் பார்த்தாள்.

"இல்ல சார். அந்தப் பேருல யாருமே இல்ல."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. உன் தெரு அங்கிருந்து பத்து நிமிட நடைதான். திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

ஆக, எழுத முடிந்தும் நீ எழுதாமல் இருக்கிறாய். அப்படியே இரு. ரொம்ப நாள் இரு.

உன் அண்ணன்