வலது தோள், பின்பக்கம்

கள்ளக்குறிச்சி,
வியாழக்கிழமை

அண்ணன் அஜித்குமாருக்கு, தங்கை எழில்மதி எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, இதில் மறைக்க ஒன்றும் இல்லை. படித்துவிட்டு அவனிடம் கொடுத்துவிடுங்கள். கிழிப்பதென்றால் அவனே கிழிக்கட்டும்.

நான் நலம். உன் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்பு வாயில் போட்டால் கேட்கும், உள்ளே விடுவார்களா தெரியவில்லை. அம்மா நலம். என்னை அடிக்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன முறை மனு எழுதிப் போட்டு உன்னைப் பார்க்கக் கடலூர் வந்தேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று துப்பினாய். "அந்த கண்ணாயிரம் கைய புட்ச்ச கையோட என் எதிர்ல வராத" என்றாய். வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதும் அதே கைதான், என்ன செய்ய.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, விபத்துப் பிரிவில் உதவியாள். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, ரத்தம் துடைப்பது, பெட்பேன் வைப்பது, துள்ளுகிற ஆளை அமுக்கிப் பிடிப்பது. ஊசி எல்லாம் இப்போது கிடையாது. ஒரு வருடம் ஒழுங்காக இருந்தால் அவர்களே படிக்க அனுப்புவார்களாம்.

இது எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சங்கராபுரத்தில் நர்ஸ் உதவியாளர் படிப்பை நானாக விட்டேன் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். பொய். கூடப் படித்த ஒருத்தி, "வெட்டுனவன் தங்கச்சி ஊசி போட வந்துட்டாடி, ஓடுங்க" என்றாள். மூக்கில் ஒன்று விட்டேன். உடைந்துவிட்டது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதவில்லை. அனுப்பிவிட்டார்கள். உனக்கு ஓடுகிற ரத்தம்தானே எனக்கும்.

பிறகு ஆறு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி, முன் அனுபவம் உண்டா? ஓரிடத்தில் பெருக்குகிற வேலைக்கே இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடிப்பேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஏழாவது இடம் இது. டாக்டரம்மா ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார். அனுபவம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். "ஒருத்தருக்குக் கூடவாம்மா நீ கட்டுப் போட்டதில்ல?" என்று கேட்டார். ஒருத்தருக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப அதை எழுது. காயம் எங்க, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் பிடிச்சிருந்தே, எல்லாம் வேணும்" என்றார்.

எழுதினேன். பரீட்சை எழுதுவது போல உட்கார்ந்து எழுதினேன். ஒரு எழுத்து தப்பக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை எனக்கு. எழுதியது இதுதான்: "வெள்ளிமலை ஜீப் ஸ்டாண்டு. டயர் மாற்றக் குனிந்திருந்த டிரைவர் கண்ணாயிரம். கொடுவாள் வெட்டு இரண்டு. ஒன்று வலது தோள், பின்பக்கம். அடுத்தது அவர் திரும்பிக் கையைத் தூக்கியபோது வலது முன்கையில், எலும்பு தெரிந்தது. ரத்தம் பீய்ச்சியது. துப்பட்டாவால் இறுக்கிக் கட்டி, கட்டைவிரலால் அழுத்தி, ஒன்றரை மணி நேரம் ஜீப்பில் வந்தேன். வெட்டியவர் என் அண்ணன்." கீழே கையெழுத்தும் போட்டேன்.

போட்ட பிறகுதான் நம் வக்கீல் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. கண்ணாயிரம் ஜாக்கிக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உனக்கு எதிரே வந்தான், நீ உயிருக்குப் பயந்து வீசினாய், நான் அதைப் பார்த்தேன். கோர்ட்டில் நான் சொல்ல வேண்டியது அதுதான். ஸ்டாண்டில் இருந்த மற்ற எவனும் வாயைத் திறக்கவில்லை. உன் பக்கத்துச் சாட்சி நான் ஒருத்திதான். வேலை கேட்கப் போன இடத்தில் என் கையாலேயே அதை உடைத்துவிட்டேன்.

அன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நீ கொடுவாளைப் போட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்குள் ஓடிவிட்டாய். ஸ்டாண்டில் இருந்த இன்னொரு டிரைவர் பகலவன் தன் ஜீப்பை எடுத்தான். பின்சீட்டில் கண்ணாயிரத்தின் தலை என் மடியில். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் விரல் நழுவும், ரத்தம் என் முகத்தில் அடிக்கும். அந்த ஆள் சும்மா வரவில்லை. வலியில் என் தோளைக் கடித்தான். நம் அம்மாவைச் சொல்லிப் பச்சையாகத் திட்டினான். ஓங்கி அறைந்தேன். கண் சொருகியது, மறுபடியும் அறைந்தேன். "திட்டுடா, தூங்காத, இன்னும் திட்டு" என்று கத்தினேன். பகலவன், "நீயே கொன்னுடுவ போலக்குதே" என்று அழுதுகொண்டே ஓட்டினான். செத்திருந்தால் உன்மேல் கொலை வழக்கு, அண்ணா. அது நம் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. "வுட்டுத் தொலைஞ்சிருந்தா சாட்சி சொல்ல ஆளே இல்ல" என்று அம்மா விறகுக்கட்டையை எடுத்தாள்.

டாக்டரம்மா படித்துவிட்டு, இது நிஜம் என்று யார் சொல்வார்கள் என்றார். வெட்டுப்பட்டவரே சொல்வார் என்று சொல்லிவிட்டேன். வாய், என்ன செய்ய. கூட்டி வா என்றார்.

கண்ணாயிரம் வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும் அவன் பெண்சாதி சுபஸ்ரீ மாட்டுக்கு வைத்திருந்த கழனித் தண்ணீரை வாளியோடு என்மேல் வீசினாள். வாளி பட்டு நெற்றி கிழிந்தது. கண்ணாயிரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் மூன்று விரல் மடங்குவதில்லை. ஸ்டியரிங் பிடிக்க முடியாது, ஜீப்பை விற்றுவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான். "ஒங்கண்ணன் வெட்டுனதுக்கு ஒனக்கு சர்டிபிகேட்டு குடுக்கணுமா? இன்னா குடும்பம்டி நீங்க" என்றான். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். சரிவு இறங்குவதற்குள் பின்னாலேயே கூப்பிட்டான். "ஒங்கண்ணன் மேல எனக்கு இருக்கற வெறி வேற. ஒன் வெரலு என் கைக்குள்ள இருந்திச்சே, அது வேற. எந்த பஸ்சு?" என்றான்.

ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றிக் காட்டினான். மெஹ்ராஜ் பேகம் என்று தலைமை நர்ஸ் ஒருவர், நான் எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டினார். அவனுக்குப் படிக்கத் தெரியாது. பின்பக்கம் என்று வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "இத்த கோர்ட்லயும் சொல்லுவியா?" என்றான். நான் அவன் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவன் இடது கையால் கோணலாகப் பெயரைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். டாக்டரம்மா என்னை அன்றே சேரச் சொன்னார்.

முதல் நாளே ஒரு குடிகாரன் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். மணிக்கட்டை முறுக்கினேன், மளுக்கென்றது. மெஹ்ராஜ் அக்கா என் காதைத் திருகினார். "அடி வாங்கறதுக்கும் சேத்துதான் சம்பளம். முறுக்காத, கட்டிப் புடி. இன்னொரு வாட்டி செஞ்ச, வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார். இப்போது கட்டித்தான் பிடிக்கிறேன். கரும்பு வெட்டப்போய்க் காலை வெட்டிக்கொண்டவர்கள், சேலம் ரோட்டில் பைக்கில் விழுந்தவர்கள், மாமியார் அடித்து வந்தவள், மாமியாரை அடித்து வந்தவள். ஒருவன் என் வயிற்றில் உதைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன்.

போன திங்கட்கிழமை அம்மா வந்தாள். அந்தக் காகிதம் பற்றி யாரோ வக்கீலிடம் சொல்லி, வக்கீல் அம்மாவிடம் சொல்லிவிட்டார். வார்டு நடுவில், அத்தனை பேர் பார்க்க, செருப்பைக் கழற்றி அடித்தாள். "கூடப் பொறந்தவன உள்ள தள்ளிட்டு இங்க பீ அள்றியாடி? அந்தத் தாள கிழிச்சிக் குடு, இல்ல இங்கயே உசுர வுட்டுடுவேன்" என்று சுவரில் தலையை மோதினாள். புருவம் கிழிந்தது. பஞ்சை வைத்து அழுத்தினேன். அழுத்திய கையை அடித்துக்கொண்டே இருந்தாள். இரண்டு தையல் போட்டோம். தையல் போடும்போது என் மடியில்தான் தலையை வைத்திருந்தாள், கண்ணைத் திறக்கவே இல்லை.

மதியம் மெஹ்ராஜ் அக்கா பீரோவைத் திறந்து என் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் தொழுதுட்டு வரேன். வர்றதுக்குள்ள இதுல இன்னா இருக்கோ, இன்னா இல்லியோ, எனக்குத் தெரியாது. ஆனா அந்தத் தாள் இல்லேன்னா ஒனக்கு இங்க அனுபவம்னு ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கால் மணி நேரம் அந்த அறையில் நானும் காகிதமும்தான். எடுத்தேன். ஒரு ஓரத்தில் கொஞ்சம் கிழிக்கவும் செய்தேன். வேலைக்காக நிறுத்தினேன் என்று நீ நினைப்பாய். பாதி அதற்காகத்தான், பொய் சொல்ல மாட்டேன். மீதி என்னவென்றால், அதைக் கிழித்தால் அந்த ஒன்றரை மணி நேரம் நடக்காதது ஆகிவிடும். நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான், அண்ணா.

அதனால் காகிதம் இருக்கிறது. கிழிந்த ஓரத்தை நானே பசை போட்டு ஒட்டிவைத்தேன்.

வரும் பதினாலாம் தேதி என்னைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். வெட்டுக்கு முந்தின நாள், யார் வண்டி முதலில் ஆள் ஏற்றுவது என்ற டர்ன் தகராறில் கண்ணாயிரம் ஸ்டாண்டு மொத்தமும் பார்க்க உன்னைச் செருப்பால் அடித்தான். அதைச் சொல்வேன். நீ இரவெல்லாம் சாப்பிடாமல் அழுதாய், அதையும் யார் கேட்காவிட்டாலும் சொல்வேன். ஆனால் எந்தப் பக்கம் வெட்டு என்று கேட்டால், எனக்குத் தெரிந்தது ஒரு பக்கம்தான்.

நீ முந்திக்கொள். வக்கீலைக் கூப்பிட்டு, நான் செய்தேன், பின்னால் இருந்துதான் செய்தேன் என்று நீயே சொல்லிவிடு. தண்டனை குறையுமா என்று எனக்குத் தெரியாது. எத்தனை வருடமானாலும் நான் வருவேன். நீ துப்பினாலும் வருவேன். நீயே சொல்லிவிட்டால் என்னை அங்கே நிறுத்த வேண்டியிருக்காது. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உனக்கு எதிராகச் சொல்லத் தைரியம் வருமா என்று அம்மா கேட்டாள். வந்துவிடும் என்பதுதான் என் பயம்.

வேளைக்குச் சாப்பிடு. உள்ளே யாரிடமும் கை நீட்டாதே. நம் குல சாமி உன்னைக் காப்பாற்றட்டும். என்னைச் சொல்ல வைக்காதே, அண்ணா.

உன் தங்கை,
எழில்மதி